இரும்புக் கை என்றொரு பொய்

சென்ற ஆண்டு ஆடி மாதம், கச்சான் காற்று அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்த இரு நாட்களில், எங்கள் பாடசாலை மைதானத்தில் கிரிக்கெட் பந்தயமொன்று நடைபெற்றது. ஓட்டக் கணக்குப் புத்தகம் எழுதும் பொறுப்பு என்னுடையது. முதல் நாள் எதிரணியினர் 71 ஓவர்கள் துடுப்பெடுத்தாடினர். அவற்றுள் 31 ஓவர்களை ஒரே மாணவன் வீசினான். பதினாறு வயது நிரம்பாதவன். படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து மண்முனைப் பாலத்தைக் கடந்து சைக்கிளில் வருபவன். அன்று மாலை ஆசிரியர் அறை களைகட்டியிருந்தது. “இவனுக்கு இரும்புக் கை, சேர்” என்றார் ஒருவர். “நாளைக்கும் இவனே போடட்டும்” என்றார் மற்றொருவர். நானும் தலையசைத்தேன். புத்தகத்தில் அவன் பெயருக்கெதிரே நான் எழுதிய எண்கள் எனக்கும் பெருமையாகவே தோன்றின.

மறுநாளும் அவனே வீசினான். மூன்றாம் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதுமாறு அவனை அழைத்தேன். “கைய உயர்த்த ஏலாம இருக்கு, சேர்” என்றான். தோள்மூட்டின் தசைநார் பாதிக்கப்பட்டிருப்பதாக வைத்தியர் கூறினார். பல மாத ஓய்வு விதித்தார். ஆவணியில் சிறுபோக வெட்டு. அவனுடைய தந்தை கூலிக்கு வயல் செய்பவர். என்னைக் காண வந்த அவர் சினந்து பேசவில்லை. “உங்களக் குறை சொல்ல வரல்ல, வாத்தியார். வெட்டுக்கு இவனையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்திருந்தன்” என்று மட்டும் சொன்னார்.

அவர் பார்த்த கணக்கும் நான் எழுதிய கணக்கும் ஒரே கையைப் பற்றியவை. என் கணக்கில் அந்தக் கை வென்றிருந்தது. அவர் கணக்கில் அது இழப்பாக நின்றது. எது உண்மைக் கணக்கு? ஓர் உடலை ஓயாது உழைக்கவைத்துவிட்டு அதற்குச் ‘சாதனை’ என்று பெயர் சூட்டுவது சுரண்டலுக்கு மாலையிடும் செயலே என்பது என் வாதம். விளையாட்டு வேறு, உழைப்பு வேறு என்று கருதும் நண்பர்கள் பொறுமையோடு இதனைக் கேட்டல் வேண்டும்.

உலக விளையாட்டுகளுள் எண்களை ஓதித் திரியும் ஆட்டம் அமெரிக்கரின் பேஸ்போல் ஆகும். நம் பிள்ளைகள் கோடை விடுமுறையிலும் சித்திரைப் புத்தாண்டிலும் ஆடும் எல்லே ஆட்டத்தை அறிந்தவர்க்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும்: ஒருவர் பந்தை வீசுவார், மற்றொருவர் தடியால் அடித்துவிட்டு எல்லைகளைச் சுற்றி ஓடுவார். அவ்வாட்டத்தின் சாதனைப் பட்டியல்களுள் ஒன்று, ஒரு பருவத்தில் மிகுதியான ஆட்டங்களிற் பந்து வீசியோரை வரிசைப்படுத்துவது. அப்பட்டியலின் தலையில் நிற்பவர் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணிக்காக ஆடிய மைக் மார்ஷல். 1974ஆம் ஆண்டு அவர் 106 ஆட்டங்களில் வீசினார். ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்கள் 162. அவருக்கு அடுத்த நிலையில் 1979இல் கென்ட் டெகுல்வியும் 2006இல் சலமோன் டொரெஸும் 94 ஆட்டங்களோடு நிற்கின்றனர்.

இந்தப் பட்டியலைச் சற்று ஊன்றி நோக்குவோம். மூன்று பந்துகளை வீசிவிட்டு வெளியேறியவனுக்கும் ஓர் ஆட்டம். நூறு பந்துகளை வீசியவனுக்கும் ஓர் ஆட்டம். எத்தனை நாட்கள் ஓய்வு கிடைத்தது என்பதற்கு நிரல் இல்லை. அடுத்த ஆண்டு அந்தக் கை என்னவாயிற்று என்பதற்கும் நிரல் இல்லை. 1884இல் ப்ரொவிடன்ஸ் நகர அணிக்காகச் சார்ள்ஸ் ராட்போர்ன் என்பவர் 75 ஆட்டங்களில் வீசினார். அப்பருவத்தில் தலைவாரிக்கொள்ளவும் கையை உயர்த்த முடியாதவராக அவர் இருந்தார் என்று கூறுவர். பட்டியலில் 75 என்னும் எண் இருக்கிறது. சீப்பைத் தூக்க இயலாத கைக்கு அங்கே இடமில்லை. மலையகத் தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கும் தராசை நம்மவர் அறிவர். அது கூடையின் நிறையைக் கூறும். கூடையைச் சுமந்த முதுகைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது. சாதனைப் பட்டியலும் அத்தகைய தராசே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். மார்ஷல் தானே விரும்பித்தான் வீசினார் அல்லவா? மெய்தான். அவர் உடலியக்க இயலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1978இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். முறையாகப் பயிற்றப்பட்ட கை நாள்தோறும் வீசலாம் என்பது அவருடைய கொள்கை. 1974இல் தொடர்ந்து 13 ஆட்டங்களில் வீசினார். அவ்வாண்டின் சிறந்த வீச்சாளருக்குரிய சை யங் விருதையும் பெற்றார். ஆட்டக்காரரின் தொழிற்சங்கத்தில் ஈடுபாடு கொண்டவரும் அவர். எனவே அவர் கதையிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் வேறு. தன் கையைப் பற்றிய அறிவும், அதன் விலையைப் பேசும் உரிமையும் உடையவனே ‘நான் விரும்பி வீசினேன்’ என்று சொல்லத் தகுதி உடையவன். அமெரிக்காவிலும் அந்த உரிமை இலகுவில் கிடைக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரனைப் பழைய முதலாளியிடமே கட்டிவைத்த விதி, சங்கத்தின் நெடிய போராட்டத்தின் பின், 1975 டிசம்பரில் வெளியான நடுவர் தீர்ப்பினாலேயே முறிந்தது. கலாநிதிப் பட்டமும் சங்கமும் உடையவனுடைய விருப்பத்தைக் காட்டி, பதினாறு வயதுச் சிறுவனின் மௌனத்தையும் ‘விருப்பம்’ என்று வாதிடுவது நேர்மையாகாது. எங்கள் மாணவனிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் என்ன சொல்லியிருப்பான்? வாத்தியாரிடம் ‘ஏலாது’ என்று சொல்லும் பழக்கத்தை நாம் எந்தப் பிள்ளைக்குக் கற்பித்திருக்கிறோம்?

அமெரிக்காவை விட்டு நம் ஆசியாவுக்கு வருவோம். யப்பானில் பேஸ்போல் பாடசாலைகளிலேயே வேரூன்றிய ஆட்டம். கசுஹிசா இனாவோ என்பவர் பெப்பு நகரத்து மீனவரின் மகன். சிறு வயதில் தந்தையின் தோணியை வலித்தமையால் அவருடைய காலும் மணிக்கட்டும் உரம்பெற்றன என்பர். வாவியில் விடியுமுன் தோணி வலிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமான கதையன்று. 1961ஆம் ஆண்டு அவர் 78 ஆட்டங்களில் வீசி 42 வெற்றிகளை ஈட்டினார். மக்கள் அவரைத் தெய்வங்களோடு சேர்த்து எண்ணினர். மூன்றே ஆண்டுகளில், 1964இல், தோள் பழுதுற்ற அத்தெய்வத்துக்கு ஒரு வெற்றியும் கிட்டவில்லை.

அதே 1961ஆம் ஆண்டில் ஹிரோஷி கொண்டோ என்னும் 22 வயது இளைஞர் தொழில்முறை ஆட்டத்தில் கால்வைத்தார். முதல் ஆண்டிலேயே 69 ஆட்டங்கள், 35 வெற்றிகள். மழை பெய்யாத நாளெல்லாம் இவரே வீசுகிறார் என்று நாடு வேடிக்கை பேசியது. அடுத்த ஆண்டு 30 வெற்றிகள். அதன் பின் கை ஓய்ந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் ஈட்டிய 82 வெற்றிகளுள் 65 அந்த முதல் இரு ஆண்டுகளுக்கு உரியவை. வீச்சாளராக வந்தவர் வீச இயலாமற் களத்தடுப்பாளராக மாறினார். ஆயினும் அவர் கதை அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் பயிற்றுநராகி, வீச்சாளரின் தோளைச் செலவழித்தால் தீர்ந்துபோகும் பொருளாகக் கருதிப் பேணினார். 1998இல் அவர் நடத்திய யொகொஹாமா அணி யப்பானின் வாகையர் பட்டம் பெற்றது. தன் கையை இழந்து பெற்ற அறிவை அவர் பிறருடைய கைகளைக் காப்பதற்குச் செலவிட்டார். நம் ஆசிரியர்கள் அவர் வழியைப் பின்பற்ற ஒரு கையை இழந்துதான் ஆகவேண்டுமா?

2018இல் நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கோஷியென் என்னும் தேசியப் பாடசாலைப் போட்டியில் வடபுலத்து அகிட்டா மாநிலத்தின் கனாஷி விவசாயப் பாடசாலை இறுதியாட்டம் வரை வந்தது. வயலைப் படிக்கும் பிள்ளைகள் வசதி படைத்த பெருநகரப் பள்ளிகளை வீழ்த்தினர் என்று நாடே ஆரவாரித்தது. அந்த அணியின் வீச்சாளர் கோசெய் யோஷிடா ஆறு ஆட்டங்களில் 881 பந்துகளை வீசினார். இறுதியாட்டத்தில் அவர் களைத்தார். ஒசாக்காவின் செல்வாக்குமிக்க தனியார் பள்ளி 13க்கு 2 என்று வென்றது. அப்பள்ளியிடம் மாற்றி மாற்றி வீசுவதற்குப் பல கைகள் இருந்தன. விவசாயப் பாடசாலையிடம் ஒரே கைதான் இருந்தது. வறிய பாடசாலை ஏன் ஒரே மாணவனைப் பிழிகிறது என்ற வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. நாலு வீச்சாளரை உருவாக்கப் பந்து வேண்டும், களம் வேண்டும், பயிற்றுநர் வேண்டும், மாலையில் உண்ணுவதற்கு ஏதாவது வேண்டும். இவை இல்லாத இடத்தில் இயற்கையாகத் தோன்றிய ஒரு திறமையின் தலையில் அத்தனை இல்லாமையும் ஏற்றப்படுகிறது. யப்பானில் இது பெரும் விவாதமாயிற்று. ஒரு வாரத்தில் ஒரு மாணவன் 500 பந்துகளுக்கு மேல் வீசலாகாது என்ற விதி 2020இல் நடைமுறைக்கு வந்தது. அந்த எல்லை போதாது என்போரும் உண்டு. எனினும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒரு சமுதாயம் ஒப்புக்கொண்டதே பெரிய காரியம்.

பேஸ்போலில் மட்டுமா இந்த நியாயம்? நம் தலைமுறைகளை ஆட்டிவைக்கும் கிரிக்கெட்டின் வரலாறே மட்டைக்கும் பந்துக்கும் இடையிலான வர்க்க வரலாறு எனலாம். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் மட்டை பிரபுவின் பொழுதுபோக்கு. பந்து வேலைக்காரனின் பொறுப்பு. பால்வாங்கர் பாலுவின் வாழ்க்கை இதற்குச் சான்று. தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்த அவர், பூனா ஜிம்கானாவில் மைதானம் பெருக்கும் ஊழியராக இருந்தவர். வலைப் பயிற்சியில் ஆங்கிலேயருக்கு மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டை பிடிக்க அவரை எவரும் அழைக்கவில்லை. அவருடைய வீச்சின்றி வெல்ல முடியாது என்று கண்ட இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டனர். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே மட்பாண்டத்தில் தேநீர் கொடுத்தனர். 1911இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. அத்தனைக்குப் பின்னரும் தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1923இல் அவருடைய தம்பி வித்தலுக்கே இந்து அணியின் தலைமை கிடைத்தது. இதனைப் பம்பாயின் பழைய அநீதி என்று தள்ளிவிடுதல் எளிது. நம் ஊர்க் கோயிற் சடங்கில் பறை முழக்கியவன் எங்கே நிறுத்தப்பட்டான் என்பதை நினைத்துப் பார்ப்போர் அவ்வாறு தள்ளார். கையின் திறம் வேண்டும், கைக்குரியவன் வேண்டாம் என்பதே இரண்டிடத்தும் இருந்த நியாயம்.

நம் நாட்டிற்கு வருவோம். டெஸ்ட் கிரிக்கெட்டில் உலகிலேயே மிகுதியான பந்துகளை வீசியவர் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன். 1992 முதல் 2010 வரை 133 பந்தயங்கள், 44,039 பந்துகள், 800 விக்கெட்டுகள். அவருடைய அரசியற் கருத்துகளோடு முரண்படுவோர் நம்மிடையே பலர். இங்கே நான் பேசுவது அந்தக் கையைப் பற்றி. அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். பேரனின் கையோ பிறவியிலேயே முழங்கையில் முற்றாக நிமிராத கை. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர் அந்தக் கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். பல்லாண்டுகள் அது ஆய்வுகூடங்களில் அளக்கப்பட்டது. 2004இல் தோளில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. அந்தக் கையை உலகம் சந்தேகித்தது, அளந்தது, பின்னர் போற்றியது. அது களைக்கும் என்பதை மட்டும் அநேகர் நினைக்கவில்லை.

நினைத்த ஒருவரும் இருந்தார். 1998 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் முரளி 113.5 ஓவர்கள் வீசி 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இலங்கை பத்து விக்கெட்டுகளால் வென்றது. ‘இரும்புக் கை’ வழிபாட்டாளர் எடுத்துக்காட்டும் பந்தயம் இதுவே. ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நாணயச் சுழற்சியில் வென்ற அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க எதிரணியை முதலில் ஆடவிட்டார். இரு வீச்சுகளுக்கும் இடையே முரளிக்கு ஓய்வு வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் காரணங்களுள் ஒன்று. முதல் இன்னிங்ஸில் 59.3 ஓவர்கள் வீசியவர், தன் அணி 591 ஓட்டங்களைக் குவிக்கும் வரை களைப்பாறினார். அதன் பின்னரே ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த வெற்றி ஓய்வும் சேர்ந்து பெற்ற வெற்றி. பட்டியலில் ஓவர்கள் இருக்கின்றன, ஓய்வு இல்லை. எனவே அதனைப் படிப்போர் பாதி உண்மையைப் படித்து, அந்தப் பாதியைத் தம் மாணவர்மீது பிரயோகிக்கின்றனர்.

இனி எங்கள் மைதானத்துக்குத் திரும்புவோம். 31 ஓவர்கள் என்றால் 186 பந்துகள். அமெரிக்காவில் 2014இல் வெளியிடப்பட்ட இளம் வீச்சாளர் வழிகாட்டி, 15, 16 வயதினர்க்கு ஒரு நாளைக்கு 95 பந்துகள் என்று எல்லை விதித்தது. 76 பந்துகளோ அதற்கு மேலோ வீசியவனுக்கு நான்கு நாட்கள் ஓய்வு கூறியது. பேஸ்போல் வீச்சும் கிரிக்கெட் வீச்சும் ஒன்றல்ல; முன்னதில் முழங்கையும் தோளும் சிதைகின்றன, பின்னதில் முதுகும் முழங்காலும் தோளும் சிதைகின்றன. ஆனால் வளரும் எலும்பு எந்த ஆட்டத்திலும் வளரும் எலும்பே. இங்கிலாந்திலும் இளம் வேகப்பந்து வீச்சாளருக்கு வயதுவாரியாக ஓவர் எல்லைகள் விதிக்கப்பட்டன. அங்கெல்லாம் இதனைச் சட்டமாக்கியது இரக்கம் மாத்திரமன்று, பட்ட அனுபவமும் ஆகும்.

ஆசிரிய நண்பர்கள் கூறும் நியாயங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. “அவன் வீசாவிட்டால் தோற்போம்” என்பார்கள். தோற்போம், தோல்வியினால் எவருடைய தோளும் கிழியாது. “வெளியே வர ஏழைப் பிள்ளைக்கு இது ஒன்றுதானே வழி” என்பார்கள். இந்த வாதமே என்னை மிகவும் உறுத்துவது. வழி ஒன்றே என்றால் அந்த வழியில் நடக்கவேண்டிய காலை ஏன் முதல் மைலிலேயே முறிக்கிறோம்? பதினாறு வயதில் தோளை இழந்தவனை எந்தத் தேர்வாளர் தேடி வருவார்? “அந்தக் காலத்தில் நாங்கள் நாள் முழுதும் போட்டோம்” என்பார் இன்னொருவர். அந்தக் காலத்தில் போட்டு முடங்கியவர்கள் இன்று இந்த ஆசிரியர் அறையில் அமர்ந்து பேசவில்லை என்பதை அவர் நினைத்தல் வேண்டும்.

நம் வயற் பிரதேசத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. அறுவடைக் காலத்தில் போடியார் களத்துக்கு வருவார். சூடு மிதித்துக்கொண்டிருக்கும் வயற்காரனின் தோளைத் தட்டி, “பத்து ஆள் வேலையை ஒருத்தனாய்ச் செய்கிறான்” என்று ஊர் கேட்கப் புகழ்வார். பத்து ஆளின் கூலியை அவர் அளந்து கொடுத்ததாக எவரும் சொன்னதில்லை. புகழ் அங்கே கூலிக்குப் பதிலாக அளக்கப்பட்டது. அன்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒலித்த ‘இரும்புக் கை’ என்ற சொல்லும் அந்தப் போடியாரின் குரலே. முற்போக்கு பேசும் நாமும் வெள்ளைச் சட்டையோடு அக்குரலில் பேசிவிட்டோம். நானும் பேசினேன், அதனை மறைத்து இதனை எழுதுதல் பொய்யாகும்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு பாடசாலையும் தன் வீச்சாளர் ஒவ்வொருவரும் பந்தயத்திலும் பயிற்சியிலும் வீசும் பந்துகளை எண்ணிப் பதிதல் வேண்டும். வயதுக்கேற்ற எல்லையை மாவட்ட மட்டத்தில் வகுத்து, அதை மீறும் அணிக்குத் தண்டனை விதித்தல் வேண்டும். இல்லையேல் எல்லையைப் பேணும் பாடசாலை தோற்கும், மீறும் பாடசாலை கோப்பை ஏந்தும். ‘ஏலாது’ என்று சொல்லும் மாணவனைக் கோழை என்று ஏசும் வழக்கம் ஒழிதல் வேண்டும். இவை நம் கைகளில் உள்ளவை. பந்தும் களமும் பயிற்றுநரும் வாவியின் மேற்குக் கரைக்கும் வந்துசேர வேண்டும் என்பது ஆட்சியாளரிடம் நாம் சங்கமாகக் கூடிக் கேட்கவேண்டியது. முன்னதைச் செய்யாமற் பின்னதை மட்டும் கேட்பது நம் கடமையைப் பிறர்மீது ஏற்றுவதாகும். பின்னதைக் கேளாமல் முன்னதை மட்டும் செய்வது வறுமையை நம் பிள்ளைகளுக்கே விதியாக்குவதாகும்.

அந்த மாணவன் இவ்வாண்டும் பாடசாலைக்கு வருகிறான். கை பெருமளவு தேறிவிட்டது. பந்தை இன்னும் தொடவில்லை. இப்போது கணக்குப் புத்தகம் எழுதும் பணியை அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். சென்ற வாரம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஓவர்களும் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் எழுதும் நிரல்களுக்குப் பக்கத்தில், பேனையால் புதிதாக ஒரு கோடு இழுத்து, இன்னுமொரு நிரல் போட்டிருந்தான். அதன் தலைப்பில் ‘கடைசியாக வீசிய நாள்’ என்று எழுதியிருந்தது.